பார்ட்ஸுக்கு மட்டும்

ஸ்ரீரங்கனுக்குத் தான் நேர்மையானவர் என்பதில் என்றைக்குமே சந்தேகம் வந்ததில்லை. தணிக்கை அலுவலகத்தில் காலமெல்லாம் அடுத்தவர் கணக்கைக் குடைந்து பார்த்து ஓய்வு பெற்றவர். குடைவதற்குக் கணக்கு இல்லாமல் போனதும், மந்தைவெளி மார்க்கெட்டில் காய்க்காரம்மாவின் தராசையும் பால் பாக்கெட்டின் தேதியையும் குடைய ஆரம்பித்தார். "நான் ஒரு பொய் சொல்லி நீ பார்த்திருக்கியா?" என்று மனைவி ஜானுவிடம் அவ்வப்போது கேட்பார். ஜானு இல்லை என்பாள். அவள் பார்த்ததில்லை என்பது உண்மைதான்.

அப்படிப்பட்டவர் செத்துப்போன லேப்டாப் ஒன்றை ஆப்பில் விற்கக் கிளம்பினால் விளம்பரம் எப்படி இருக்கும்? இப்படி இருந்தது:

"லேப்டாப் விற்பனைக்கு. ஆன் ஆகாது. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு இதையும் வைத்துத் தீர்த்தம் தெளித்ததில் கீபோர்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ரிச்சி தெரு ரிப்பேர் கடையில் காட்டியதில் போர்டு போய்விட்டது என்றார்கள். அதுவரை டிஸ்ப்ளேயில் ஒரு குறையும் இல்லை. இடது மூலையில் மட்டும் மூக்குக்கண்ணாடி பட்ட கீறல் ஒன்று உண்டு. பேட்டரி நிற்காது. மூடியைத் திறந்தால் கிறீச்சென்று சத்தம் வரும். மேலே வைத்த குங்குமப் பொட்டின் கறை போகவில்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டேன், அது கிடைக்காது. முழுசாகவோ பார்ட்ஸுக்கோ எடுத்துக்கொள்ளலாம்."

ஜானு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். "இது விக்கறதுக்குப் போட்டதா, யாரும் வாங்காதேங்கோன்னு சொல்றதுக்குப் போட்டதா?" என்று கேட்டாள்.

"இருக்கறதைச் சொல்லணும், ஜானு. வாங்கிண்டு போய் அவன் நம்மளைத் திட்டப்படாது."

விளம்பரம் போட்ட நாளிலிருந்து ஃபோன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. 'இருக்கா?' என்று கேட்பவர்கள், இருக்கிறது என்று பதில் போட்டால் மாயமாகிவிடுவார்கள். 'லாஸ்ட் ப்ரைஸ்?' என்பவர்கள், அது லேப்டாப்பா இட்லிப் பானையா என்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவன் மீன் தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றான். இன்னொருவன் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பணம் அனுப்ப ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணச் சொன்னான். பணம் வாங்குகிறவன் எதற்கு ஐயா ஸ்கேன் பண்ண வேண்டும் என்று ஸ்ரீரங்கன் அவனுக்கு ஒரு பக்கம் எழுதினார். ஏமாற்றுவது எவ்வளவு கேவலம் என்று அதில் ஒரு பத்தி தனியாக இருந்தது.

மார்கழி பிறந்ததும் ஜானு கறாராகச் சொல்லிவிட்டாள். "போகிக்கு முன்னாடி இந்தச் சனியன் ஆத்தை விட்டுப் போயாகணும். இல்லேன்னா நானே பழைய பேப்பர்க்காரனைக் கூப்பிட்டுப் போட்டுடுவேன்."

அந்தச் சமயத்தில்தான் ஒருவர் உருப்படியாகக் கேட்டு எழுதினார். ஆப்பில் அவர் பெயர் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. யூ, பி, ஐ. பணம் அனுப்புகிற யூபிஐ இல்லை, இது ஏ-க்கு அடுத்த பி. தன் மனைவியிடம் இதே மாடல் இருக்கிறது, கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்துவிட்டது, மற்றபடி நன்றாக ஓடுகிறது, உங்களுடையதில் டிஸ்ப்ளேவைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்வேன் என்று விவரமாக எழுதியிருந்தார். கடைசியில், 'இவ்வளவு உண்மையா எழுதின விளம்பரத்தை நான் பார்த்ததே இல்லை சார்' என்று ஒரு வரி.

ஸ்ரீரங்கன் அந்த வரியை ஜானுவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

"யாரு அது?"

"உப்பின்னு போட்டிருக்கு. உப்பிலியா இருக்கும். கும்பகோணத்துல ஒப்பிலியப்பன் கோவில் பக்கத்து மனுஷா யாராவது. எழுதறதுலயே தெரியறதே, நம்ம ஆத்து மனுஷான்னு."

இப்படித்தான் மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கன் அவருக்கு ஊர், கோயில், குலம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். 'சனிக்கிழமை கார்த்தால வாங்கோ, காபி சாப்டுட்டு எடுத்துண்டு போகலாம்' என்று அவர் அனுப்பிய பதிலில் பாசம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

இனி அந்த இன்னொரு விளம்பரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

ஸ்ரீரங்கன் வீட்டு மாடி போர்ஷன் ஆடி மாசத்திலிருந்து காலி. புரோக்கருக்குக் காசு கொடுக்க மனசில்லாமல், அதையும் இதே ஆப்பில், இதே நம்பரைக் கொடுத்து, அவரேதான் போட்டிருந்தார். லேப்டாப்புக்கு எழுதிய அளவு அதற்கு எழுதவில்லை. இரண்டு ரூம், ஹால், காற்றோட்டம், ரயில் ஸ்டேஷன் பக்கம், 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்'. இந்த 'மட்டும்' என்பதற்கு மயிலாப்பூர், மந்தைவெளி வட்டாரத்தில் என்ன அர்த்தம் என்று போடுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். கத்திரிக்காய் சாப்பிடுகிற எல்லாருக்கும் அந்த வீடு கிடைத்துவிடாது.

கார்த்திகையில் ஒரு நாள் ஃபோன் வந்தது. "வணக்கம் சார், மாடி போர்ஷன் விஷயமாப் பண்றேன், என் பேரு உபைதுல்லா..." என்று ஒரு ஆண் குரல். பெயர் முழுசாகக் காதில் விழுவதற்கு முன்பே ஸ்ரீரங்கனின் வாய் முந்திக்கொண்டது. "அடடா, நேத்துதான் சார் அட்வான்ஸ் வாங்கினோம். ஒரு நாள் முன்னாடி பண்ணியிருந்தா உங்களுக்கே குடுத்திருப்பேன்." குரலில் வருத்தம்கூட இருந்தது. எங்கிருந்துதான் வந்ததோ அந்த வருத்தம்.

"பரவால்ல சார். வர்றவங்க நல்லபடியா இருக்கட்டும்" என்று சொல்லி அந்த ஆள் வைத்துவிட்டார்.

அதே ஆள் மறுபடி கூப்பிட்டால் தெரியாத்தனமாக எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, ஸ்ரீரங்கன் அந்த நம்பரைப் பத்திரமாகச் சேமித்து வைத்தார். பெயர் போடும் இடத்தில் என்ன போடுவது? பெயரைத்தான் அவர் சரியாகக் கேட்கவில்லையே. 'பாய் வேண்டாம்' என்று போட்டார்.

அவருக்கு யார் மேலும் வெறுப்பு கிடையாது. கேட்டால் அப்படித்தான் சொல்வார். கூட வேலை பார்த்த குலாம் ரசூல் வீட்டுக்கு வருஷம் தவறாமல் ரம்ஜானுக்குப் போய், அவருக்கென்று தனியாக வாங்கி வைத்திருக்கும் பாட்டில் ஜூஸைக் குடித்துவிட்டு, கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டு வருகிறவர். ஆனால் மாடி வேறு விஷயம். வாடை வரும், ஜானுவுக்கு ஒத்துக்காது, பக்கத்து வீட்டார் ஏதாவது சொல்வார்கள். ஜானுவிடம் அவர் கேட்கவில்லை. பக்கத்து வீட்டாரிடமும் கேட்கவில்லை. ஜானு, "மாடிக்கு யாராவது பண்ணினாளா?" என்று கேட்கும்போதெல்லாம், "ஒரு ஈ காக்கா கூடக் கேக்கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை. ஸ்ரீரங்கன் லேப்டாப்பைத் துடைத்து, சார்ஜரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, வாங்கிய ரசீதையும் எடுத்து மேலே வைத்தார். அவருடைய ஃபோன் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜில் இருந்தது. வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கோலத்தை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்து கேட்டருகில் நின்றார். முப்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, ஆபீஸ் பை, அழகாக வெட்டிய தாடி.

"லேப்டாப் சார்?"

"வாங்கோ வாங்கோ, உப்பிலிதானே?"

"உபைத் சார். ஃப்ரெண்ட்ஸ் உபின்னு கூப்பிடுவாங்க, அதையே ஆப்புல போட்டுட்டேன்."

"ஓ" என்றார் ஸ்ரீரங்கன். "வாங்க, உள்ள வாங்க."

ஒரே நொடியில் அந்த 'கோ' கீழே விழுந்துவிட்டது. ஸ்ரீரங்கன் காதிலேயே அது விழுந்தது. வந்தவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஹாலில் உட்கார்ந்ததும் உபைத் லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தார். கிறீச்சென்றது. உபைத் சிரித்துவிட்டார். "எழுதின மாதிரியே இருக்கு சார், சத்தம் முதக்கொண்டு." இடது மூலையைப் பார்த்தார். "கீறலும் அதே இடத்துல." ஜானு காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நல்லவேளை, ஒன்றும் பேசவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். நாம ஏற்கெனவே ஃபோன்ல பேசியிருக்கோம்" என்றார் உபைத். "மாடி போர்ஷனுக்காக ஒரு தடவை பண்ணேன். விளம்பரத்துல நம்பரைப் பார்த்ததும்தான் நீங்கன்னு தெரிஞ்சுது."

உபைதுல்லா. அன்றைக்குப் பாதியில் வெட்டிய பெயர் இப்போது முழுசாக வந்து எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கிறது. ஸ்ரீரங்கனின் கண் தானாகச் சுவரில் இருந்த ஆணிக்குப் போனது. மாடிச் சாவி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையில் 'மாடி' என்று அவரே பெரிதாக எழுதிக் கட்டியிருந்தார்.

"ஆமா, ஆமா... ஞாபகம் இருக்கு" என்றார்.

"இத்தோட பதினஞ்சு இடமாவது கேட்டிருப்பேன் சார். பேரைச் சொன்னதும் டக்குனு கட் பண்ணிடுவாங்க. சில பேரு திட்டவும் செய்வாங்க. நீங்க ஒருத்தர்தான் நின்னு, மரியாதையா, வருத்தப்பட்டுச் சொன்னீங்க. வீட்ல போய் புஷ்ரா கிட்ட சொன்னேன். என் ஒய்ஃப். அவ டீச்சர், ஸ்கூல் இங்க பட்டினப்பாக்கத்துல. நாங்க ராயப்பேட்டைல கூட்டுக் குடும்பமா இருக்கோம். அவளுக்கு இப்ப ஆறாவது மாசம். ரெண்டு வேளையும் இந்த டிராஃபிக்ல வண்டில உக்கார வெச்சுக் கூட்டிட்டு வரப் பயமா இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பக்கமே பார்த்துக்கினு இருக்கோம்."

ஸ்ரீரங்கன் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் ஏதாவது பேச வேண்டியிருக்குமே.

உபைத் லேப்டாப்பை மூடினார். "இது ஆனே ஆகாதே சார், டிஸ்ப்ளே ஓடுதான்னு இங்க டெஸ்ட் பண்ண வழி இல்ல. வேற யாராவது இருந்தா யோசிச்சிருப்பேன். நீங்க நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதான் கேரண்டி. எடுத்துக்கறேன்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் இந்த வார்த்தைக்கு ஸ்ரீரங்கன் உச்சி குளிர்ந்திருப்பார். இன்றைக்கு அது முள்ளாகத் தைத்தது. எழுந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அப்போதுதான் உபைத், காபி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்.

"மாடில வந்தவங்க நல்லவங்களா சார்?"

இந்த இடத்தில் ஸ்ரீரங்கன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வழி திறந்துதான் இருந்தது. ஆனால் ஒரு தடவை சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதுதான் மரியாதை என்று அந்த நொடியில் அவருக்குத் தோன்றியது. பாவம், தணிக்கை ஆபீசர்.

"நல்லவாதான்... நல்லவங்கதான். இப்ப ஊர்ல இல்ல. கும்பகோணம் போயிருக்காங்க. பொங்கல் கழிச்சுத்தான் வருவாங்க."

கும்பகோணம் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஒப்பிலியப்பன் இன்னும் அவர் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது.

உபைத் அவரை ஒரு கணம் பார்த்தார். ஏதோ எதிர்பார்த்துக் காத்திருப்பவர் போல இருந்தது. பிறகு, "சரி சார்" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தார். "பணம் உங்க நம்பருக்கே அனுப்பிடவா? தப்பா வேற யாருக்காவது போயிடப் போவுது. ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன், இதுதானான்னு பாத்துக்கங்க."

உபைதின் கட்டைவிரல் திரையைத் தொட்ட பிறகுதான் ஸ்ரீரங்கனுக்கு அது நினைவுக்கு வந்தது. அவர் பாதி எழுந்தார். "இல்ல, வேண்டாம், நானே..." என்றார். அதற்குள் சமையலறையில் மணி அடித்துவிட்டது.

ஜானுவின் வழக்கம் ஒன்று உண்டு. புருஷன் ஃபோனைத் தானாக எடுத்துப் பேச மாட்டாள். யார் என்று படித்து உரக்கச் சொல்வாள். அவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்காக இப்படித்தான். இன்றைக்கும் அப்படியே செய்தாள்.

"ஏன்னா! 'பாய் வேண்டாம்'னு யாரோ கூப்பிடறா!"

ஹாலில் இருவரும் அசையவில்லை. உபைதின் காதுக்குப் பக்கத்தில் ரிங் போய்க்கொண்டிருந்தது. சமையலறையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்னா, கேக்கறதா? பாய் வேண்டாம், பாய் வேண்டாம்!" என்று சொல்லிக்கொண்டே ஜானு ஃபோனைக் கையில் ஏந்தி ஹாலுக்கு வந்துவிட்டாள். "என்ன பேரு இது? பாய் விக்கறவனா?"

உபைத் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, நிதானமாக ஒரு விரலால் அழைப்பை நிறுத்தினார். ஜானு கையில் இருந்த ஃபோனும் நின்றது.

"என் நம்பர்தாம்மா அது" என்றார்.

ஜானு அவரைப் பார்த்தாள். அவர் தாடியைப் பார்த்தாள். கையில் இருந்த ஃபோனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிய ஆரம்பித்தபோது அவள் முகம் சிவந்தது.

"மாடி போர்ஷனுக்காகப் பண்ணியிருந்தேன்மா. அதனால சார் சேவ் பண்ணி வெச்சிருக்காரு."

"மாடிக்கா?" என்றாள் ஜானு. "மாடிக்கு யாருமே கேக்கலைன்னு..." அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தார். "அது வந்து... அது வேற ஒரு..." என்று ஆரம்பித்தார். வேற ஒரு என்ன? வேற ஒரு பாயா? மூன்றாவது பொய்க்கு நாக்கு எழும்பவில்லை. தரையில் ஒரு மொசைக் கல் உடைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆயுசில் எத்தனையோ பேரை இப்படி எதிரில் உட்கார வைத்து, அவர்களுடைய பொய்க் கணக்கை மேசைமேல் விரித்துப் போட்டிருக்கிறார். அவர்களெல்லாம் ஏன் தரையைப் பார்த்தார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

உபைத் ஃபோனில் ஏதோ அழுத்தினார். "அனுப்பிட்டேன் சார். வந்துடுச்சான்னு பாருங்க."

ஜானு கையிலிருந்த ஃபோன் டிங் என்றது. அவள் ஒன்றும் படிக்கவில்லை. புருஷன் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். பணம் அனுப்பியவர் பெயர் திரையில் வந்திருந்தது. உபைதுல்லா ஷரஃபுதீன். அதற்குக் கீழேயே, இந்த நம்பரை நீங்கள் இப்படிச் சேமித்திருக்கிறீர்கள் என்று ஃபோன் தன் கடமையைச் செய்திருந்தது. பாய் வேண்டாம்.

"வந்துடுத்து" என்றார் ஸ்ரீரங்கன். பிறகு, எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று, மூச்சு விடாமல் சொன்னார். "மாடி காலியாத்தான் இருக்கு. யாரும் வரலை. கும்பகோணமும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"உங்க லேப்டாப் விளம்பரத்துக்குக் கீழயே, இவரோட மத்த விளம்பரம்னு வீட்டையும் காட்டுது. இன்னைக்குக் காலைலகூட இருந்துச்சு." உபைதின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஸ்ரீரங்கனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "புஷ்ராதான் சொன்னா. வந்தவங்க கடைசி நேரத்துல வேணாம்னு போயிருப்பாங்க, அவரு விளம்பரத்தைத் திருப்பிப் போட்டிருப்பாரு, லேப்டாப் எடுக்கப் போறப்ப நேர்லயே கேளுங்கன்னு. நான் அப்படி இருக்காதுன்னேன். அவ விடல. லேப்டாப்புல ஒரு கீறலைக்கூட மறைக்காதவரு வீட்டு விஷயத்துல எதுக்குப் பொய் சொல்லப் போறாருன்னு கேட்டா. அதான், மாடில யாருன்னு கேட்டேன். நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

அவர் லேப்டாப்பையும் சார்ஜரையும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். ரசீதை மறந்துவிட்டார். ஸ்ரீரங்கன் அதை எடுத்து நீட்டினார்.

"நீங்க... மாடியை ஒரு தடவை பாத்துட்டுப் போங்கோ" என்றார். ஆணியிலிருந்து சாவியை எடுக்கப் போனார். "இப்பவே பாக்கலாம். ஆத்துக்காரியையும் அழைச்சிண்டு வாங்கோ. அட்வான்ஸ்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

விழுந்த 'கோ'வைப் பொறுக்கி எடுத்து மறுபடி ஒட்டிப் பார்த்தார். ஒட்டியதாகத் தெரியவில்லை.

"வேண்டாம் சார்" என்றார் உபைத்.

அவ்வளவுதான் சொன்னார். மரியாதையாக, நின்று, கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார். ஜானுவைப் பார்த்து, "காபி நல்லா இருந்துச்சும்மா" என்றார். ஜானு கைகூப்பினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்ரீரங்கன் பின்னாலேயே வாசல் வரை போனார். எதற்குப் போகிறோம் என்று தெரியாமல்தான் போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். அந்த வார்த்தையை எடுத்தால், எதற்கு மன்னிப்பு என்று முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்று கேட்டின் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டு நின்றார். உபைத் மறுபடியும் கோலத்தைச் சுற்றிக்கொண்டு போய் பைக்கில் பையை மாட்டினார். அப்போது அவர் ஃபோன் அடித்தது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்தார். கேட்டுக்குள் நின்ற ஸ்ரீரங்கனுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பேச்சு நன்றாகவே கேட்டது.

"கெடச்சிருச்சு புஷ்ரா. நல்லா கீது. நேரா கடைல குடுத்து மாட்டிக்கினு வந்துர்றேன், சாயங்காலம் நீ ஆன்லைன் கிளாஸ் எடுக்கலாம்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டேன், கேட்டேன். ஆள் வந்துட்டாங்களாம். கும்பகோணம் போயிருக்காங்களாம், பொங்கலுக்கு அப்புறம் வருவாங்களாம். விளம்பரத்தை எடுக்கறதுக்கு மறந்துட்டாராம், வயசானவரு இல்ல."

மறுபடி கேட்டார்.

"ஆமா, நீ சொன்னதுதான் கரெக்டு. அப்படிப்பட்ட ஆளு இல்ல. ரொம்ப நல்ல மனுஷன். அவங்க வீட்டம்மா காபியெல்லாம் குடுத்தாங்க. நீ மனசைப் போட்டு அலட்டிக்காத, வேற பாக்கலாம்."

ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். ஹெல்மெட்டை மாட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. பைக் தெருமுனையில் திரும்பி மார்க்கெட் பக்கம் போய்விட்டது.

ஸ்ரீரங்கன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சொன்ன பொய், ஊர் பெயர் முதற்கொண்டு ஒரு எழுத்து குறையாமல், ராயப்பேட்டையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் மனசைக் காப்பாற்றப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அதைத் திருப்பி வாங்க முடியாது. அங்கே ஒரு வீட்டில் அவர் என்றைக்கும் நல்ல மனுஷன்.

ஜானு வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் கேட்டிருந்தாள். ஏதாவது திட்டுவாள் என்று ஸ்ரீரங்கன் காத்திருந்தார், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய், அந்தக் காபி டம்ளரை எடுத்துக் கழுவப் போட்டாள்.